வீட்டில் இருங்கள் என்று சொன்னபோது
கொள்ளைநோய்க் காலம் வீடு பற்றி எமக்குக் கற்பித்தவை

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. "வீட்டில் இருங்கள்" என்று வானொலி சொன்னது, ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் சொன்னன. ஊரடங்கு எமக்குப் புதிதல்ல. ஆனால் முன்னைய ஊரடங்குகளில் ஆபத்து வெளியே இருந்தது. கதவைச் சாத்தினால் ஓரளவு நிம்மதி. இம்முறை ஆபத்து பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சிலேயே இருக்கலாம் என்றார்கள்.

விவசாயக் குடும்பத்திற்கு வீடு என்பது பெரும்பாலும் இரவு தலைசாய்க்கும் இடம். பகல் முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் கிணற்றடியிலும் சந்தையிலும் கழிந்துவிடும். பிள்ளைகள் பாடசாலையில் இருப்பார்கள். கொவிட் 19 வந்தபோது இந்த இடங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. வீடே பாடசாலையாகவும் களஞ்சியமாகவும் நோயாளி விடுதியாகவும் மாறவேண்டியிருந்தது. அப்போதுதான் பலரும் தங்கள் வீட்டைப் புதிதாகப் பார்த்தார்கள். இது போதுமா, இதில் எது குறைகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள், இனி வீடு கட்டப்போகும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியவை.

நோய் வீட்டை மாற்றுவது புதிதா?

புதிதல்ல. 1854இல் இலண்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஒரு குழாய்க்கிணற்றின் நீரே காரணம் என்று ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் காட்டினார். சுத்தமான குழாய்நீரும் மூடிய கழிவுநீர் வாய்க்காலும் நகர வீடுகளின் அவசியத் தேவைகளாக மாறியதில் வாந்திபேதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் வந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் விளைவாக 1898இல் அங்கே நகர மேம்பாட்டுச் சபை அமைக்கப்பட்டு, நெரிசலான குடியிருப்புகளுக்குள் வெளிச்சமும் காற்றும் புகும்படி தெருக்கள் அகலமாக்கப்பட்டன. ஆனால் அதற்காக இடிக்கப்பட்ட வீடுகளின் ஏழைகள் பலருக்கு மாற்று வீடு உடனே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சயரோகத்திற்கு மருந்து இல்லாத காலத்தில் வெயிலும் காற்றோட்டமுமே சிகிச்சையாக இருந்தன. பெரிய யன்னல்களும் திறந்த விறாந்தைகளும் அக்காலச் சுகாதார நிலையங்களிலிருந்தே பலநாட்டு வீடுகளுக்குப் பரவின.

எமது மூத்தவர்களும் இதை ஒருவகையில் அறிந்திருந்தார்கள். வெளியே போய் வந்தவர் காலும் கையும் கழுவுவதற்குப் படலையடியிலோ முற்றத்திலோ தண்ணீர் வைத்தார்கள். வந்தவரைத் திண்ணையில் இருத்திக் கதைத்தார்கள். சமையலைப் படுக்கும் இடத்திலிருந்து விலக்கி, தனிக் குசினியில் வைத்தார்கள். சீமெந்து வீடு வந்தபோது இவற்றில் சிலவற்றைப் பழசு என்று நாமே ஒதுக்கினோம். கொள்ளைநோய் அவற்றை மீண்டும் நினைவூட்டியது.

முதலாவது தேவை: இன்னொரு கதவு

பெருநகரங்களில் அலுவலக வேலையை வீட்டிலிருந்து செய்யவேண்டி வந்தவர்கள், கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும் என்றார்கள். மாடிக் குடியிருப்புகளில் அடைபட்டவர்கள் ஒரு சிறு மேல்மாடமாவது வேண்டும் என்றார்கள். எமது ஊர்களில் தேவை வேறு விதமாக இருந்தது. குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால் அவரை எங்கே படுக்கவைப்பது? 14 நாட்கள் தனிமைப்படுத்தல் என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் அறிவித்தல் ஒட்டிப் போனார். உள்ளே இருப்பது ஓர் அறை. அதில் ஆறு பேர். 2021 நடுப்பகுதியில் வைத்தியசாலைகள் நிரம்பியபோது, கடுமையான அறிகுறி இல்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் முறை தொடங்கியது. அதற்கு நோயாளிக்குத் தனி அறை தேவைப்பட்டது. அறை இல்லாத வீட்டிற்கு அந்த முறை உதவவில்லை.

இடர்காலத் தங்குமிடங்களுக்கென உலகளவில் பின்பற்றப்படும் ஸ்பியர் அளவுகோல், ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையிட்ட இடம் வேண்டும் என்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது 17.5 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 188 சதுர அடி. இது உயிர்தப்பிச் சில மாதங்கள் ஒதுங்கியிருப்பதற்கான அளவு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர், 30 ஆண்டுகள் கழித்துக் கொள்ளைநோய் வந்தபோதும் நலன்புரி நிலையங்களிலேயே இருந்தார்கள். தகரத்தாலும் கிடுகாலும் பிரித்த குடிசைகளும் பலர் பாவிக்கும் கிணறும் மலசலகூடமும் உள்ள இடத்தில், "ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள்" என்ற அறிவுரையைப் பின்பற்ற வழியில்லை. தவறு அந்த மக்களுடையதல்ல. தற்காலிகம் என்று சொல்லப்பட்டது நிரந்தரமாகிப்போனதே தவறு.

இரண்டாவது தேவை: காற்று

தொடக்கத்தில் இருமல், தும்மல் துளிகளாலும் தொட்ட பொருட்களாலும் நோய் பரவுவதாகவே அதிகம் பேசப்பட்டது. பின்னர், காற்றோட்டம் குறைந்த நெரிசலான உள்ளிடங்களில் கிருமி நுண்துகள்களில் மிதந்தும் பரவும் என்பது தெளிவாகியது. 2021 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் தனது விளக்கத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அது வெளியிட்ட வழிகாட்டி, வீட்டினுள் ஒருவருக்கு ஒரு செக்கனுக்கு 10 லீற்றர் புதிய காற்று வரவேண்டும் என்கிறது. இதை எமது கணக்கில் பார்த்தால், ஒரு நிமிடத்திற்கு ஒருவருக்கு 600 லீற்றர். அதாவது 200 லீற்றர் பரல் மூன்று. ஐந்து பேர் படுக்கும் அறைக்கு நிமிடத்திற்கு 15 பரல் காற்று வேண்டும். யன்னலைச் சாத்தி இடுக்கையெல்லாம் பொலித்தீனால் அடைத்த அறையில் இது நடவாது.

இதற்கு மின்விசிறியோ பெரும் செலவோ அவசியமில்லை. ஒரு சுவரில் மட்டும் யன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து அங்கேயே நின்றுவிடும். எதிர்ச் சுவரிலும் ஒரு திறப்பு இருந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். வடக்கில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். இந்த இரு பக்கமும் திறப்பு உள்ள அறைக்கு ஆண்டு முழுவதும் காற்றோட்டம் கிடைக்கும். சூடான காற்று மேலே எழும்பும் என்பதால், கூரைக்குக் கீழே சுவரின் உச்சியில் கிராதிக் கற்கள் வைத்தால் வெப்பமும் வெளியேறும். பாதுகாப்புக்குக் கம்பியும் நுளம்புக்கு வலையும் போடலாம். திறப்பை மட்டும் மூடக்கூடாது.

அடுப்புப் புகையையும் இங்கே மறக்கக்கூடாது. அடுப்புப் புகை போன்ற வீட்டினுள் மாசடைந்த காற்றினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெண்களும் சிறுபிள்ளைகளுமே அதிக நேரம் அடுப்படியில் இருப்பவர்கள். புகைபோக்கி வைத்த அடுப்பும் திறந்த குசினியும் எந்த நோய்க்காலத்திலும் நுரையீரலைக் காக்கும்.

மூன்றாவது தேவை: வாசலில் தண்ணீர்

சவர்க்காரமிட்டு 20 செக்கன்கள் கை கழுவுங்கள் என்றார்கள். குடத்தில் தூர இடத்திலிருந்து தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பாரம் என்று அப்போது பலர் எண்ணிப்பார்க்கவில்லை. பொது இடங்களில் அவசரமாக வைக்கப்பட்ட கைகழுவும் தொட்டிகள் பல, பின்னர் குழாய் உடைந்து வரண்டுபோயின. ஆனால் வீட்டு வாசலில் கைகழுவும் பழக்கம் வயிற்றோட்டத்தையும் குறைக்கும் என்பதால், அதைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது.

தண்ணீர் குறைந்த இடத்தில் இப்படிச் செய்யலாம். ஐந்து லீற்றர் வெற்றுப் பிளாஸ்ரிக் கான் ஒன்றை எடுத்து, அதன் மேற்பகுதியில் சூடாக்கிய ஆணியால் ஒரு துளை இடுங்கள். இரண்டு கவைத்தடிகளின் மேல் குறுக்காக ஒரு தடியை வைத்து அதில் கானைத் தொங்கவிடுங்கள். கானின் கழுத்தில் கட்டிய கயிற்றை நிலத்தில் உள்ள ஒரு மிதிதடியில் இணையுங்கள். காலால் மிதித்தால் கான் சரிந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். கையால் குழாயைத் தொடவேண்டியதில்லை. கழுவிய தண்ணீர் ஒரு வாழையடிக்குப் போகட்டும்.

நான்காவது தேவை: வளவு

கொள்ளைநோய்க்கு முன் உதவித்திட்டங்களில் "வீடு" என்றால் நான்கு சுவரும் கூரையும்தான். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடைகள் பூட்டப்பட்டிருந்தன. தோட்டங்களில் விளைந்த மரக்கறி சந்தைக்குப் போக வழியின்றி அழுகியது. அதேவேளை ஒரு பிடி கீரைக்கு வழியில்லாத வீடுகளும் இருந்தன. வேலியில் முருங்கையும் கிணற்றடியில் வாழையும் பின்வளவில் மரவள்ளியும் நான்கு கோழிகளும் இருந்த வீடு அந்த வாரங்களைச் சமாளித்தது. அதன்பின் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசைகள் நீண்டன. மின்சாரம் ஒரு நாளில் 13 மணித்தியாலங்கள் வரை துண்டிக்கப்பட்டது. விறகடுப்பை இடித்து அகற்றியவர்கள் மீண்டும் அடுப்புக் கட்டினார்கள். ஆகவே மக்கள் இப்போது வீட்டோடு சேர்த்து மண்ணையும் கிணற்றையும் அடுப்பையும் கேட்கிறார்கள் என்றால், அது நோயினால் மட்டுமல்ல. அடுத்தடுத்து வந்த மூன்று அடிகளாலும்தான்.

வீட்டினுள்ளும் இதற்கேற்ற இடம் வேண்டும். சில வாரங்களுக்கான நெல்லையும் பயறையும் வைக்க எலி புகாத, ஈரமில்லாத ஒரு மூலை. விதையைக் காயவைத்துப் போத்தலில் அடைத்து வைக்க ஒரு தட்டு. பாடசாலைகள் 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்டு நீண்ட காலம் தொலைபேசியிலேயே பாடம் நடந்தது. ஊவா மலைப்பகுதிகளில் பிள்ளைகள் அலைவரிசை தேடி மலையும் மரமும் ஏறினார்கள். படிப்பதற்கு வெளிச்சமுள்ள ஒரு மூலையும் மேசையும், தொலைபேசிக்கு மின்னேற்ற ஒரு சிறு சூரியத் தகடும் ஆடம்பரமல்ல.

காணி இல்லாமல் வீடா?

இங்கேதான் இடம்பெயர்ந்தவர்களின் கேள்வி வேறுபடுகிறது. தென்னைக்கும் பலாவுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நாளை எழும்பு என்று சொல்லக்கூடிய பிறர் காணியில் யார் தென்னை வைப்பார்? இந்தியாவில் 2020 மார்ச் 25இல் முடக்கம் தொடங்கியதும், நகரங்களில் கூலிவேலை செய்த இலட்சக்கணக்கானோர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். நகரத்தில் அவர்களுக்குக் கூரை இருந்தது. ஆனால் ஆபத்தில் அவர்கள் நினைத்த வீடு ஊரில் இருந்தது. திரும்பிப் போக முடியாத ஊரை நினைத்திருந்த எமது குடும்பங்களுக்கு அந்த நடை நன்றாகவே விளங்கும்.

காணி உறுதியாகும்வரை ஒன்றும் செய்யமுடியாது என்றும் இல்லை. முளைக்கீரை மூன்று, நான்கு வாரங்களில் பிடுங்கலாம். பயிற்றை இரண்டு மாதமளவில் காய்க்கும். உரப்பையில் மண்ணும் சாணமும் நிரப்பிக் கத்தரி, மிளகாய் வைத்தால், இடம் மாறும்போது கூடவே கொண்டுபோகலாம். ஆனால் இவை காணிக்கு மாற்றீடு அல்ல. உறுதி, அனுமதிப்பத்திரம் தொடர்பான கடிதங்களையும் பழைய வரிப் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாகச் சேர்த்து, பிரதேச செயலகத்தில் கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் திகதியிட்ட பிரதி வைத்திருங்கள்.

வீட்டுத்திட்டம் வரும்போது

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில், பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே கட்டினார்கள். ஒரு வீட்டிற்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பணம் போதாமல் கடன்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யன்னலை எங்கே வைப்பது, குசினியை எந்தப் பக்கம் இறக்குவது என்று சொல்லும் உரிமை அவர்களிடம் இருந்தது. 2016இல் வடக்கிற்கும் கிழக்கிற்கும் 65,000 இரும்பு வீடுகள் அமைக்கும் யோசனை வந்தது. வெப்பம் கூடும், விறகடுப்புக்கு வசதியில்லை, விலை அதிகம், உள்ளூர் மேசனுக்கும் தச்சருக்கும் வேலையில்லை என்று பொறியியலாளர்களும் மக்களும் எடுத்துரைத்தார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டது. கேட்டால் பயன் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

ஆகவே வீட்டு வரைபடத்தோடு உத்தியோகத்தர் வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன் குடும்பமாக இருந்து இவற்றைக் கேளுங்கள்:

1. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கத்தில் திறப்பு உண்டா? சோளகமும் வாடையும் உள்ளே வருமா?

2. ஒருவர் நோயுற்றால் கதவு சாத்தித் தனியே படுக்க இடம் உண்டா?

3. குசினிப் புகை படுக்கையறைக்குள் வராமல் வெளியேறுமா? விறகடுப்புக்கு இடம் உண்டா?

4. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து போதிய தூரத்திலும் நிலச்சரிவில் கீழ்ப்பக்கத்திலும் இருக்கிறதா?

5. வந்தவரை இருத்தவும் மழைக்காலத்தில் நெல் காயவைக்கவும் ஒரு விறாந்தை உண்டா?

6. பின்னர் ஓர் அறை சேர்த்துக் கட்டுவதற்கு அத்திவாரமும் இடமும் விடப்பட்டுள்ளதா?

7. காணி யாருடைய பெயரில்? மனைவியின் பெயரும் அதில் சேருமா?

கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். முடக்க காலத்தில் நோயாளியைப் பார்த்ததும் பிள்ளைக்குப் பாடம் சொன்னதும் அடுப்பை எரித்ததும் பெரும்பாலும் அந்தப் பெண்தான். வீட்டில் எது குறைகிறது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். வரைபடத்தை முதலில் அவரிடம் கொடுங்கள்.