லாகின் திரையில் கீபோர்டு வேலை செய்யலையா? ‘ஃபார்மட்’ போடும் முன் இதை பாருங்க!

காலையில் ஆபீஸ் திறந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். திரை வருகிறது, உங்கள் பெயர் வருகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது. அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. மவுஸ் மட்டும் ஜோராக நகர்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் தோல் நிறுவன அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயம் இல்லை. ஏற்றுமதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டேலி கணக்கு எல்லாமே பெரும்பாலும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என கெடு வேறு துரத்தும்.

அந்த பதற்றத்தில் யாராவது ஒருவர், “விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டா சரியாகிடும்” என்பார். அங்கேதான் சிக்கல். டெஸ்க்டாப்பில் சேமித்த ஃபைல், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இரண்டும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். ஃபார்மட் செய்தால் முதலில் காலியாவது அந்த சி டிரைவ்தான். ஒரு கீபோர்டு பிரச்சனைக்கு ஒரு வருட கணக்கை பலி கொடுக்கணுமா?

தேவையே இல்லை. கீபோர்டு இல்லாமலே உள்ளே போக முடியும்.

மவுஸ் இருந்தால் போதும்

லாகின் திரையின் வலது கீழ் மூலையை பாருங்க. பவர் பட்டனுக்கு பக்கத்தில் மனித உருவம் போல ஒரு சின்ன ஐகான் இருக்கும். விண்டோஸ் 10-ல் அது கடிகாரம் மாதிரி தெரியும். அதை கிளிக் செய்தால் ‘ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு’ என்று ஒரு வரி வரும். அதை ஆன் செய்தால் திரையிலேயே ஒரு கீபோர்டு விரியும். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாக கிளிக் செய்து பாஸ்வேர்டை போடலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்த வசதி இது. நம்மில் பலர் அந்த ஐகானை தினமும் பார்த்தும் ஒருமுறைகூட தொட்டிருக்க மாட்டோம்.

உள்ளே போனதும் முதல் வேலை ரிப்பேர் இல்லை. முக்கியமான ஃபைல்களை பென்டிரைவிலோ, வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுங்க. டேலி டேட்டா ஃபோல்டரை மறக்காதீங்க. அதற்கு பிறகு நிதானமாக காரணம் தேடலாம்.

உண்மையிலேயே கீபோர்டு கெட்டுப்போச்சா?

கடைக்கு ஓடி புதுசு வாங்கும் முன் உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே சோதிக்கலாம். யுஎஸ்பி கீபோர்டை கழற்றி, ஓடிஜி அடாப்டர் வழியாக ஆண்ட்ராய்டு போனில் சொருகுங்க. மெசேஜ் பெட்டியை திறந்து அடித்து பாருங்க. எழுத்து விழுந்தால் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். ஓடிஜி அடாப்டர் இல்லையென்றால் பக்கத்து சீட்டு கம்ப்யூட்டரில் மாட்டி பார்க்கலாம்.

அடுத்து, கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லாகின் திரையில் உள்ள பவர் ஐகானை கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்க. கம்பெனி லோகோ வரும்போதே எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் பட்டனை விட்டு விட்டு அழுத்துங்க. எந்த பட்டன் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும். அப்போது பயாஸ் எனும் செட்டிங்ஸ் திரை திறந்து, அம்புக்குறி பட்டன்கள் வேலை செய்தால், கீபோர்டும் வயரும் போர்ட்டும் சரி, தகராறு விண்டோஸில்தான் என்று அர்த்தம். அங்கே எதையும் மாற்றாமல் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்க. பயாஸும் திறக்கவில்லை, கேப்ஸ் லாக் விளக்கும் எரியவில்லை என்றால் சந்தேகம் வயர், போர்ட், கீபோர்டு மீது. சிபியு முன்பக்க போர்ட்டில் இருப்பதை பின்பக்கத்துக்கு மாற்றுங்க. நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரடியாக சொருகுங்க. வயர்லெஸ் என்றால் பேட்டரி. ப்ளூடூத் கீபோர்டுக்கு மட்டும் இந்த பயாஸ் சோதனை பொருந்தாது. விண்டோஸ் வந்த பிறகுதான் அது இணையும்.

இன்னொரு விஷயம். ‘ஷட் டவுன்’ செய்து ஆன் செய்வதும் ‘ரீஸ்டார்ட்’டும் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் மையப்பகுதியையும் டிரைவர்களையும் அப்படியே சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக தொடங்கும். பல நேரம் பிரச்சனை இந்த ஒரு கிளிக்கில் முடிந்துவிடும்.

கெடாத கீபோர்டு கெட்டது போல தெரிவது எப்படி?

பின் நம்பரை வலப்பக்க எண் பட்டன்களில் அடிப்பவரா நீங்கள்? ‘நம் லாக்’ ஆஃபில் இருந்தால் ஒரு எண்கூட விழாது. மேல் வரிசை எண்களில் அடித்து பாருங்க.

அடுத்து ஃபில்டர் கீஸ். வலது பக்க ஷிஃப்ட் பட்டனை தொடர்ந்து 8 விநாடி அழுத்தினால் இது ஆன் ஆகும் வகையில் விண்டோஸில் அமைப்பு இருக்கிறது. கீபோர்டு மேல் ஃபைல் கட்டை வைத்தாலே போதும். திரையில் வரும் கேள்விப் பெட்டிக்கு யோசிக்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிட்டால், வேகமாக அடிக்கும் எழுத்தை எல்லாம் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. ஒரு பட்டனை சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழுகிறதா? அப்படியானால் இதுதான் காரணம். அதே வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்தால் ஆஃப் ஆகிவிடும். ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு இருந்த அதே மெனுவிலும் ஆஃப் செய்யலாம்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு தனி தலைவலி ஒன்று உண்டு. லாகின் திரையில் தமிழ் லேஅவுட் தேர்வாகியிருந்தால், நீங்கள் அடிப்பது தமிழ் எழுத்தாகத்தான் உள்ளே போகும். திரையில் தெரிவது புள்ளி மட்டும் என்பதால் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வருவதன் காரணம் புரியாது. வலது கீழ் மூலையில் மொழியின் பெயர் இருக்கும். அதை கிளிக் செய்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்க.

அப்டேட்டே கீபோர்டை முடக்கிய கதை

விண்டோஸ் அப்டேட் மீது பழி போடுவது நம்ம ஊர் வழக்கம் என்றாலும், சில நேரம் அது உண்மைதான். 2025 அக்டோபர் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 11 அப்டேட்டில், எண் கேபி5066835, இப்படி ஒரு கோளாறு வந்தது. லாகின் திரையில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகாதபோது சரிசெய்ய வரும் ‘ரெகவரி’ திரைக்கு போனால் யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துவிடும். நோயாளியை காப்பாற்ற வேண்டிய அறையின் கதவே பூட்டிக்கொண்டது போல.

மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொண்டு, தற்காலிக வழியாக டச் ஸ்கிரீனையோ, பழைய பிஎஸ்2 கீபோர்டையோ பயன்படுத்த சொன்னது. ஊதா நிற உருண்டை பின் வைத்த கீபோர்டு நினைவிருக்கா? அதேதான்! அக்டோபர் 20-ம் தேதி, இங்கே தீபாவளி பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நாளில், கேபி5070773 என்ற அவசர அப்டேட் வந்து சரியானது. அந்த வாரத்தில் ரெகவரி திரையில் கீபோர்டு வேலை செய்யவில்லை என்பதற்காக ஃபார்மட் செய்தவர்கள் இருந்தால், ஆறு நாள் காத்திருந்திருக்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் அப்டேட்டுக்கு மறுநாளே கீபோர்டு நின்றால், ஆன்-ஸ்கிரீன் கீபோர்டில் உள்ளே போய், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’யை திறந்து அந்த ஒன்றை மட்டும் நீக்கி பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் ‘கீபோர்ட்ஸ்’ என்பதன் கீழ் இருப்பதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், விண்டோஸ் தானே டிரைவரை மீண்டும் ஏற்றிக்கொள்ளும்.

ஆனால் ரெகவரி திரையிலோ பயாஸிலோ எதையாவது மாற்றும் முன் ஒரு எச்சரிக்கை. புது லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு எனும் பிட்லாக்கர் தானாகவே ஆனில் இருக்கலாம். அப்போது 48 இலக்க ரெகவரி எண்ணை கேட்கும். லேப்டாப்பில் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். செல்போனில் அந்த கணக்குக்குள் போய் முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

தோல் தொழிற்சாலை காற்றுக்கும் கீபோர்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. சாதாரண கீபோர்டை பிரித்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். அவற்றின் மேல் மின்சாரம் ஓடும் கோடுகள் பெரும்பாலும் வெள்ளி கலந்த மையால் அச்சிடப்பட்டவை. தோலில் முடி நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்படுத்துகிறார்கள். அந்த கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். வெள்ளிக் கொலுசை கறுக்கச் செய்வது போலவே கீபோர்டின் வெள்ளிக் கோடுகளையும், போர்ட்டில் உள்ள செம்பையும் அது அரிக்கும்.

ஒரு கோட்டில் பல பட்டன்கள் இணைந்திருப்பதால், அரிப்பு வந்தால் சம்பந்தமில்லாத நாலைந்து எழுத்துகள் மட்டும் சேர்ந்தாற்போல் நின்றுபோகும். பாஸ்வேர்டில் அந்த எழுத்து இருந்தால் லாகின் முடங்கும். இதற்கு புது கீபோர்டுதான் தீர்வு. தோல் தேய்க்கும் பஃபிங் பகுதிக்கு பக்கத்து அலுவலகம் என்றால் நுண்தூசியும் பட்டன்களுக்குள் இறங்கும். கீபோர்டை கழற்றி, தலைகீழாக பிடித்து ப்ளோயரால் ஊதுங்க. தண்ணீர் வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு உறை போட்டு மூடினாலே ஆயுள் கூடும்.

அலுவலகத்துக்குள்ளேயே அந்த முட்டை நாற்றம் வருகிறது என்றால் கீபோர்டை விடுங்க, முதலில் ஜன்னலை திறந்து வெளியே வந்து நிர்வாகத்திடம் சொல்லுங்க. கழிவுநீர் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர்களின் உயிரை பறித்த வாயு அது.

லேப்டாப் என்றால் கூடுதலாக ஒன்று

லேப்டாப் கீபோர்டு நின்றுபோய், நடுப்பகுதி லேசாக மேலே தூக்கியிருக்கிறதா? மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தி சரிசெய்ய பார்க்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. உடனே ஆஃப் செய்து சர்வீஸுக்கு கொண்டு போங்க.

மற்றபடி லேப்டாப் கீபோர்டு மட்டும் போயிருந்தால் வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டை மாட்டி வேலையை தொடரலாம். சர்வீஸுக்கு கொடுக்கும்போது, “டேட்டா வேணும், கேட்காமல் ஃபார்மட் பண்ணக்கூடாது” என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்க.