ஊர்கள் எவ்வாறு வளர்கின்றன?

ஓர் ஊர் உருவாவதற்கு மூன்று வசதிகள் இன்றியமையாதவை. குடிக்கவும் பயிரிடவும் நீர் வேண்டும். சரக்கு வந்துபோக வழி வேண்டும். உழைப்போர்க்கு வேலை வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் மக்கள் தாமே வந்து குடியேறுகின்றனர். ஆனால், குடிகள் பெருகப் பெருகக் குடிநீர், சாக்கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவையும் பெருகினால்தான் அவ்வூர் நலமுடன் வாழும். இதனை அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்த திருப்பூரைக் கொண்டே விளக்குவோம்.

முதலில் ஒரு பொது உண்மையைக் கருதுவோம். மளிகைக் கடை ஒன்று நடைபெறச் சிறு கிராமமே போதும். வாரச் சந்தைக்குப் பல கிராமங்கள் வேண்டும். பெரிய மருத்துவமனைக்கோ ஒரு வட்டாரமே வேண்டும். வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜெர்மானியப் புவியியல் அறிஞர் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து, 1933-இல் இதனை ஒரு கோட்பாடாக வகுத்தார். பெரிய ஊர் சுற்றுக் கிராமங்களுக்குச் சந்தையும் சேவையும் அளிக்கிறது. கிராமங்கள் அதற்கு உணவும், பஞ்சும், உழைப்பும், நீரும் அளிக்கின்றன. ஆகவே இரண்டின் வாழ்வும் பிணைந்தே உள்ளது.

திருப்பூர் நொய்யலாற்றின் கரையில் அமைந்தது. சுற்றுப்புறத்தில் பருத்தி விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப்பாதையும் வந்தது. பருத்தி அரவை, கதர், பனியன் எனத் தொழில்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வேரூன்றின. 1901-இல் ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த ஊரில், 1951-இல் ஏறத்தாழ 52,000 பேரும், 2011-இல் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்ந்தனர்.

தொழில் வளர்ந்த வேகத்தில் நீர் வசதி வளரவில்லை. சாயப்பட்டறைகளுக்கு வேண்டிய நீர் அயல் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் வந்தது. பின்னர் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் பெருந்திட்டம் நிறைவேறியது. வரும் நீருக்கு வழி பிறந்தது. ஆனால் வெளியேறும் நீரோ நொய்யலிலேயே கலந்து வந்தது.

பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. கழிவுநீரில் உள்ள நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பை நீக்குவது கடினம், செலவும் மிகுதி. பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகியது. கீழ்ப்பகுதியில் கிணறும் நிலமும் உவர்ப்பேறின. விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவர் முன்பே இழந்திருந்தனர்; இப்போது தொழிலாளரும் வேலை இழந்தனர்.

அதன்பின், கழிவுநீர் சிறிதும் வெளியேறாதவாறு சுத்திகரித்து, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. தனியொரு பட்டறைக்கு இச்செலவு தாங்காது. எனவே பல பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்தல் என்பது கூட்டுறவாளராகிய நமக்குப் புதிதன்று.

நமது சங்கங்களும் நெசவாளர் குடியிருப்பு, சாயச்சாலை, கிடங்கு முதலியவற்றை அமைக்க முனைகின்றன. அவ்வேளைகளில் பொதுக்குழு மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: நீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்குச் செல்லும்? இவ்விரண்டின் செலவும் மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளதா? கழிவை அகற்றும் செலவும் உற்பத்திச் செலவே. அதனைக் கணக்கில் சேர்க்காமல் காட்டப்படும் இலாபம், ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள உழவரின் நட்டமாக முடியும். அவ்வுழவரும் நம் போன்ற ஒரு சங்கத்தின் அங்கத்தினராக இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.