வழியும் வனப்பும் – 12: சுமை இறக்கிய கல்

சென்ற வாரம் விமான நிலையங்களைப் பார்த்தோம். சாங்கியில் செம்பு பூசிய 1,216 துளிகள் ஏறி இறங்கும் மழை (2012), டெல்லி மூன்றாம் முனையத்தின் முத்திரைக் கைகள் (2010), மும்பையில் ராஜீவ் சேத்தி தொகுத்து 2014இல் திறந்த நெடுங்கலைச்சுவர். சாங்கி மழையை யாரும் போய்ப் பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் கையில் பயணச்சீட்டு வேண்டும். ஆனாலும் பொதுக்கலை என்றே சொல்லிக்கொள்கிறோம். வழிப்போக்கர் யாராயிருந்தாலும் அவருக்கென்றே செய்த கலை எப்படியிருக்கும் என்று பார்க்க, விமானமே இறங்காத ஓர் ஊர்ப்பக்கம் போகவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வந்து, இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவில் ஏறினால் மடத்துவெளி. பெயரிலேயே மடம் இருக்கிறது. பழைய யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் ஆகிய நான்கும் ஒரே குடும்பம். மடத்தில் படுக்கலாம், கேணியில் நீர் அள்ளலாம். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்னும் ஒரு படி மேலே போய் வீதிக்கே கூரை போட்டு, இருபுறமும் திண்ணை வைத்திருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் மிகவும் யோசித்துச் செய்யப்பட்டது சுமைதாங்கிதான். தலைச்சுமைக்காரர் பிறர் கைத்துணை இல்லாமல் மூட்டையை இறக்கவேண்டும், களைப்பாறியபின் தாமே தூக்கி வைத்துக்கொண்டு நடக்கவும் வேண்டும். கொஞ்சம் உயர்ந்தால் இறக்க முடியாது, கொஞ்சம் தாழ்ந்தால் திரும்பத் தூக்க முடியாது. மனித உடம்பே அதற்கு அளவுகோல். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நாட்டும் வழக்கம் தமிழர் நிலமெங்கும் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பேரில், ஊரார் சுமையை இறக்க ஓர் இடம். அவள் முகத்தை யாரும் அதில் செதுக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஆவுரோஞ்சிக்கல் இன்னும் எளிது. மாடு தினவு தீர உரோஞ்சுவதற்காக நட்ட கல், அவ்வளவே. முப்பத்திரண்டு அறங்களில் அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது. மாட்டையும் இரசிகராகக் கொண்ட கலை இயக்கம் நகரங்களில் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

இவை பயன்பொருட்கள், இவற்றைக் கலை என்பது மிகை என்று சொல்வார்கள். கட்டிய மேசன் தன்னைச் சிற்பி என்று நினைத்திருக்கமாட்டார் என்பது சரி. பல சுமைதாங்கிகள் வெறும் சுண்ணாம்புக் கட்டுகள்தான், கண்ணுக்கு அழகில்லை. ஆனால் ஒரு துயரத்துக்கு உருவம் தேடி, அந்த உருவத்தைத் தெருவில் போகும் எவருக்கும் கொடுத்துவிடுவதைக் கலை என்று சொல்லாவிட்டால், வேறு எதைச் சொல்வது? மறுப்புகளில் வலுவானது அடுத்தது. தலைச்சுமைக் காலம் போய்விட்டது, பஸ்ஸும் ஓட்டோவும் வந்துவிட்டன, வீதி அகலிக்கும்போது இந்தக் கல் இடைஞ்சல் என்பது அது. தலைச்சுமை போனது உண்மை. சுமை போய்விட்டதா? மடத்துவெளியைக் கடந்துபோகும் இதே வீதி முடிகிற குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால் விடை கிடைக்கும். நெடுந்தீவுக்கு அரிசிப் பையும் மரக்கறி மூட்டையும் காஸ் சிலிண்டரும் இன்றும் மனிதக் கையால்தான் படகேறுகின்றன. வடதாரகைப் படகுக்கோ குமுதினிப் படகுக்கோ காத்து நிற்பவருக்குப் பொருளை இறக்கி வைக்க ஓர் உயரமும், தலைக்கு ஒரு நிழலும் வேண்டும். சுமைதாங்கியும் மடமும் கொடுத்தவை இவைதாம்.

மீண்டும் விமான நிலையத்துக்கே வருவோம். பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பெரிய முனையம் ஒன்று கட்டும் நாள் வந்தால் வாசலில் ஒரு யாழ் சிலை வைக்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். யாழ் இந்நகரில் ஏற்கெனவே பெயர்ப்பலகைதோறும் இருக்கிறது. சீட்டுக் கேட்கும் கதவுக்கு வெளியே, வழியனுப்ப வந்தவரும் பயணப்பெட்டியை வைத்துச் சாய்ந்து நிற்கக்கூடிய உயரத்தில் ஒரு சுமைதாங்கியைக் கட்டுங்கள். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை செலவில்லாதது: வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் அடுத்த வீதி அகலிப்புக்கு முன்னரே எஞ்சிய கற்களைக் கணக்கெடுக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சந்தியில் ஒன்று இன்னும் நின்றால், எந்தச் சந்தி, எந்தப் பக்கம் என்று குறித்து உங்கள் பிரதேச சபைக்கு இந்த வாரமே ஒரு கடிதம் போடுங்கள்.