வேர் மாறிய திராட்சைக் கொடி



பிரான்சு நாட்டின் கிழக்கே பர்கண்டி என்றொரு பிரதேசம் உண்டு. அங்கே வோன் ரொமானே என்னும் சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் 'ரொமானே கோந்தி' என்ற திராட்சைத் தோட்டம் இருக்கின்றது. அதன் பரப்பு ஏறக்குறைய நாலரை ஏக்கர்தான். அங்கு விளையும் செந்நிற மது உலகிலேயே மிக்க விலை பெறுவனவற்றுள் ஒன்று. மதுவைப் புகழ்வது என் நோக்கமன்று. அத்தோட்டத்து வேர்களின் வரலாறு தாவர நூல் பயில்வோர் அறியத்தக்கது. அதனையே சொல்லப் புகுகின்றேன்.

சுண்ணாம்புக் கல்லும் களியும் கலந்த மண் அது. 'பினோ நுவார்' என்னும் கருந்திராட்சை ஒன்றே அங்குப் பயிராகின்றது. முற்காலத்தில் சேன் விவான் மடத்துத் துறவியர் அந்நிலத்தை உடைமையாகக் கொண்டிருந்தனர். 1760-இல் கோந்தி இளவரசர் அதனை விலைக்கு வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு அதனைப் பறிமுதல் செய்து விற்றுவிட்டது. ஆயினும் இளவரசரின் பெயர் நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் கொடி மூப்படைந்தால் புதுக்கன்று நடமாட்டார்கள். பழங்கொடியின் கிளையை வளைத்து மண்ணிற் புதைத்துப் பதியம் போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு புதுக்கொடியும் பழங்கொடியின் உறுப்பேயாகும். இவ்வாறு அறுபடாத வழிமுறையே அத்தோட்டத்தாரின் பெருமையாக இருந்தது.

1860-களில் தென்பிரான்சில் கொடிகள் காரணந் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. பட்ட கொடியைத் தோண்டினால் அழுகிய வேரன்றி வேறொன்றும் காணப்படவில்லை. 1868-இல் மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளான்ஷோனும் அவர்தம் குழுவினரும் உயிரோடிருந்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தனர். வேரெங்கும் மஞ்சள் நிற நுண்பூச்சிகள் மொய்த்திருந்தன! கொடி மடியும் தறுவாயில் பூச்சி அடுத்த கொடிக்குச் சென்றுவிடும். பட்ட வேரில் அதனைக் காண முடியாமைக்கு அதுவே காரணம். எங்கே தேடவேண்டும் என்பதை அறிதலே ஆராய்ச்சியிற் பாதி என்பதை இதனால் உணரலாம்.

பிலாக்சரா எனப்படும் அப்பூச்சி அசுவினிக்கு உறவானது. அமெரிக்கச் செடிகளோடு கடல் கடந்து வந்தது. அமெரிக்கக் கொடிகளோ நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து பழகியவை. பூச்சி கடித்த இடத்தைத் தக்கை போன்ற படலத்தால் மூடிக்கொள்ளும் ஆற்றல் அவற்றின் வேருக்கு உண்டு. எனவே அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கிளையை ஒட்டுக்கட்டினர். வேர் பூச்சியைத் தாங்கியது. மேலே ஒட்டிய கிளை தன் இனத்துக் கனியையே தந்தது.

பிரான்செங்கும் ஒட்டுக்கொடி பரவிய பின்னரும் ரொமானே கோந்தி இணங்கவில்லை. கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுத் திரவத்தை மண்ணிற் செலுத்திச் செலுத்திப் பழைய வேர்களைக் காத்தனர். இரண்டாம் உலகப்போர் மூண்டது. மருந்தும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. நலிந்த கொடிகள் 1945-இல் தந்த மது அறுநூறு புட்டி அளவே. அவ்வறுவடையின் பின் கொடிகளை வேரோடு களைந்தனர். 1947-இல், அருகிலுள்ள 'லா தாஷ்' தோட்டத்துக் கிளைகளை அமெரிக்க வேரில் ஒட்டி நட்டனர். 1952 வரை அத்தோட்டத்தின் பெயரால் ஒரு புட்டி மதுவும் வெளிவரவில்லை. 1945-ஆம் ஆண்டுப் புட்டியொன்று 2018-இல் நியூயார்க் ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

பூச்சியை அடியோடு ஒழிக்கும் வழி இன்றளவும் கிட்டவில்லை. ஒட்டு வேரே காவலாக நிற்கின்றது. பழைய வேரைக் காக்க முயன்றோரை நான் பேதையர் என்னமாட்டேன். பல பத்தாண்டுகள் அவர்கள் அரும்பாடுபட்டனர். ஆனால் அவர்கள் அஞ்சியவாறு தோட்டத்தின் பெருமை வேரோடு அழிந்துவிடவில்லை. மண் அதுவே, சரிவு அதுவே, கனியின் இனமும் அதுவே. மரபில் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று ஆய்ந்தறிவதே கல்வியின் பயன் என்பேன்.