எடை போடும் தாம்பாளம்

கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கும் சங்கரன்கோவில் வீடுகளில் வெண்கலத் தாம்பாளம் இருக்கும். நன்றாகத் துலக்கித் துடைத்து, கயிற்றில் தொங்கவிட்டு, கரண்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும். பச்சரிசி மாவும் வெல்லமும் அப்பிக் காய்ந்திருந்தால் ஒலி சற்றே தாழும். கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். அந்தத் தாழ்வை வைத்தே எவ்வளவு மாவு ஒட்டியிருக்கிறது என்று கணக்கிடலாம். இரத்தத்தில் உள்ள புரதம் போன்றவற்றைக் கண்டறியும் ஒலியலை உயிரி உணரி என்ற கருவி செய்வது இதைத்தான்.

கருவியில் தாம்பாளத்தின் இடத்தில் இருப்பது குவார்ட்ஸ் படிகத்திலிருந்து சீவிய மெல்லிய வில்லை. தட்டுவது மின்சாரம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியவும் செய்யும். மாற்றி மாற்றிக் கொடுத்தால் அதிர்ந்துகொண்டே இருக்கும். வழக்கமான வில்லை ஒன்று நொடிக்கு 50 லட்சம் முறை அதிர்கிறது. அதன்மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 நானோகிராம் படிந்தாலே, அந்த 50 லட்சத்தில் ஒன்று குறையும். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். எடைக்கும் அதிர்வுக்கும் உள்ள இந்தக் கணக்கை 1959-ல் வகுத்தவர் ஜெர்மனியின் சாவர்பிரை.

அது காற்றில் செல்லும் கணக்கு. நாம் தேடும் புரதமோ இரத்தத்தில் மிதக்கிறது. தாம்பாளத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தித் தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடும். முன்னும் பின்னும் அதிரும் உலோகம் தண்ணீரைத் தள்ள, அந்தத் தள்ளல் அலையாக ஓடி வலுவையெல்லாம் கொண்டுபோய்விடுகிறது. இந்தத் துறையின் உண்மையான சாமர்த்தியம் இதைச் சமாளித்த விதத்தில்தான் இருக்கிறது என்பேன். அதே தாம்பாளத்தைத் தண்ணீருக்குள் படுக்கவைத்து, இடமும் வலமுமாக மட்டும் நகர்த்துங்கள். தண்ணீர் அலம்பாது, பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் கூடவே இழுபடும். குவார்ட்ஸைக் குறிப்பிட்ட சாய்வில் சீவினால் அது இப்படிப் பக்கவாட்டில்தான் அதிரும். அதன் இழுப்பு நீருக்குள் எட்டும் ஆழம், ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேலே என்ன ஓடினாலும் கருவிக்குப் பொருட்டில்லை. திரவமே அதிர்வை எவ்வளவு தாழ்த்தும் என்பதை 1985-ல் ஆய்வாளர்கள் கனாசாவாவும் கார்டனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தத் தாழ்வு திரவத்தின் அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் பொறுத்தது.

வில்லை முழுவதும் அதிராமல் மேற்பரப்பில் மட்டும் அலை ஓடும் கருவிகளும் உண்டு. அங்கும் இதே விதிதான். ராலே என்ற அறிஞர் 1885-ல் விவரித்த மேலும் கீழும் அசையும் அலை திரவத்தில் சீக்கிரம் மடிந்துபோகும். லவ் என்பவர் 1911-ல் விவரித்த பக்கவாட்டு அலை தாக்குப்பிடிக்கும்.

எடை தெரிந்தால் போதுமா? ஒட்டியது மாவா, தூசியா என்று தாம்பாளத்துக்குத் தெரியாது. அதனால் வில்லையின் தங்கப் பூச்சின்மேல் எதிர்ப்புரதங்களைப் பதித்துவைக்கிறார்கள். ஒவ்வொரு எதிர்ப்புரதமும் தனக்குரிய மூலக்கூறைத்தான் இறுகப் பிடிக்கும். இரத்தத்தில் புரதங்கள் ஏராளம். பிடிக்க வேண்டாதவையும் வந்து ஒட்டும். எதிர்ப்புரதம் பதிக்காத இன்னொரு வில்லையைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுப்பதே இதற்கு வழி. வெப்பநிலை மாற்றத்தால் வரும் பிழையும் அதில் பெரும்பாலும் கழிந்துவிடும்.

சங்கன், பதுமன் என்னும் நாகராஜர்களின் கதையைச் சொல்லிப் புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இடும் ஊர் சங்கரன்கோவில். வயலில் பாம்பு கடித்து வருபவருக்கு இந்தக் கருவி என்ன செய்யும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டறிய, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையும் இரத்தம் இறுக இறுகப் படிகத்தின் அதிர்வு அடங்குவதால், அதே உறைதலைப் படிகமும் காட்டிவிடும். இது ஆய்வுக்கூடங்களில் செய்துபார்த்த விஷயம். உறைதலைக் குலைக்காத கட்டுவிரியன் விஷத்துக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கேதான் எதிர்ப்புரதம் பூசிய வில்லை வேண்டும். கடிவாய் சரியாகத் தெரியாமல், தூக்கத்தில் கடிபட்டு வருபவரின் உடலில் விஷம் ஏறியிருக்கிறதா என்று அதனால் சொல்ல முடிந்தால், பெரிய உதவி.

அப்படி ஒரு கருவி தாலுகா மருத்துவமனை மேசைக்கு இன்னும் வரவில்லை. விஷமுறிவு மருந்து இருக்கிறது. கடிபட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.