உங்களுக்குத் தெரியுமா? மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒரு வேடதாரி

செம்பருத்திக் கொழுந்தில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக அப்பிக் கிடப்பது பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல, மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி இலையைச் சுருள வைப்பது பெண் பூச்சியும் குஞ்சுகளும்தான். இறக்கை முளைத்த ஆணுக்கு உண்ணும் வாயுறுப்பே கிடையாது. இணை சேர்ந்து சில நாளில் செத்துப்போகும்.

தொட்டியில் எறும்புச் சாரி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக, அந்தப் பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை எறும்புகள் விரட்டிவிடும். முதலில் தடுக்க வேண்டியது எறும்பைத்தான்.

மருந்து அடிக்கும் முன் உற்றுப் பாருங்கள். நீண்ட மெழுகு இழைகளோடு, கொஞ்சம் பெரிதாக, விறுவிறுவென நகர்வது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சி போலவே தோற்றம், தின்பதும் மாவுப்பூச்சியைத்தான்! ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பாவம், பல வீடுகளில் பூச்சியோடு சேர்த்து இதையும் நசுக்கிவிடுகிறோம்.

நாலைந்து பூச்சி என்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். மிஞ்சிவிட்டால், அப்பிய கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. முட்டைகள் ஒரே தடவையில் அழியாது என்பதால் வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும்.

நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.