கிளாவிஸ் முதல் சாவி வரை: ஓர் இலத்தீன் சொல்லின் திரிபும் தமிழில் அதன் உருபேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

இலத்தீன் மொழியின் 'கிளாவிஸ்' என்னும் பெயர்ச்சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வெவ்வேறு வடிவில் வழங்குகிறது. போர்த்துக்கீசிய மொழியின் வழியாக அது தமிழில் 'சாவி' ஆயிற்று. அச்சொல் ஐரோப்பாவில் அடைந்த ஒலித்திரிபையும் எண், பால், வேற்றுமை மாற்றங்களையும், தமிழில் அது உருபேற்கும் முறையையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒரு சொல் கடன் பெறப்பட்டது என்பதனால் அச்சொல் சுட்டும் பொருள் தமிழரிடம் இல்லாதிருந்தது என்று கொள்ளுதல் பிழை என்பதையும் நிறுவ முற்படுகிறது.

முன்னுரை

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இந்நகரின் பட்டறைகளில் கையால் செய்யப்படும் மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு முதலியன நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. இத்தொழிலின் முதன்மைச் சொற்கள் இரண்டு: பூட்டு, சாவி. 'பூட்டு' தமிழ்ச்சொல்; பெயராகவும் வினையாகவும் நிற்பது; ஏர் பூட்டுதல் என உழவிலும் வழங்குவது. அதனோடு பிரியாமல் வரும் 'சாவி' இலத்தீன் வழிச்சொல். ஒரே பொருளின் இரு பாகங்களுள் ஒன்று தமிழ்ப்பெயரும் மற்றொன்று அயற்பெயரும் பெற்றது எவ்வாறு என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

இலத்தீனில் கிளாவிஸ்

'கிளாவிஸ்' மூன்றாம் வகைப்பாட்டைச் சேர்ந்த பெண்பாற் பெயர். மூடுதல் என்னும் பொருளுடைய 'கிளௌதெரே' என்னும் வினையோடு உறவுடையது. திறத்தலை நோக்கித் தமிழ் 'திறவுகோல்' எனப் பெயரிட, மூடுதலை நோக்கி இலத்தீன் பெயரிட்டுள்ளமை நோக்கத்தக்கது.

இச்சொல் ஒருமையில் எழுவாயாக நிற்கும்போது 'கிளாவிஸ்' எனவும், செயப்படுபொருளாகும்போது 'கிளாவெம்' எனவும், கொடைப்பொருளில் 'கிளாவி' எனவும், பன்மை எழுவாயில் 'கிளாவேஸ்' எனவும், பன்மைக் கொடைப்பொருளில் 'கிளாவிபுஸ்' எனவும் வரும். இலத்தீன் விகுதி ஒன்றே எண்ணையும் வேற்றுமையையும் ஒருங்கே உணர்த்தும். அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தல் இயலாது. தமிழிலோ 'சாவிகளை' என்பதைச் சாவி + கள் + ஐ எனப் பகுக்கலாம். எண்ணுக்கு ஒன்று, வேற்றுமைக்கு ஒன்று என உருபுகள் அடுக்கி நிற்கும். ஒட்டுநிலை மொழிக்கும் உட்பிணைப்பு நிலை மொழிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு சொல்லைக் கொண்டே விளக்கலாம்.

ஐரோப்பிய மொழிகளில் திரிபு

இலத்தீன் பேச்சுவழக்கினின்றும் கிளைத்த மொழிகளில் இச்சொல்லின் முதல் மெய்ம்மயக்கம் வெவ்வேறு வகையாகத் திரிந்தது. பிரெஞ்சு அதனைப் பேணி 'கிளே' என்றது. கத்தலான் 'கிளௌ' என்றது. இத்தாலியத்தில் லகரம் யகரச் சாயல் பெற்றுக் 'கியாவே' ஆயிற்று. ஸ்பானியத்தில் முதலிலிருந்த ககரமே மறைந்து 'யாவே' ஆயிற்று. போர்த்துக்கீசியத்தில் மயக்கம் முழுவதும் ஒரே மெய்யாகி, 'பச்சை' என்னும் சொல்லில் சகரம் ஒலிப்பது போன்ற அடைப்புரசொலியை முதலாகக் கொண்ட 'சாவெ' தோன்றியது. இது தனிச்சொல்லுக்கு நேர்ந்த விபத்தன்று. கூப்பிடுதலைக் குறிக்கும் 'கிளாமாரே' அம்மொழியில் 'சமார்' ஆனதும், மழையைக் குறிக்கும் 'புளுவியா' 'சுவா' ஆனதும் இதே போக்கின.

எண், பால், வேற்றுமை ஆகியவற்றின் நிலை வருமாறு. இம்மொழிகள் அனைத்திலும் சொல் பெண்பாலாகவே நிற்கிறது. பன்மை, ஸ்பானியத்தில் 'யாவேஸ்' எனவும் போர்த்துக்கீசியத்தில் 'சாவெஸ்' எனவும் ஸகர ஈறு பெறும். இத்தாலியம் உயிரை மாற்றிக் 'கியாவி' என்னும். பிரெஞ்சில் பன்மை ஈறு எழுத்தில் மட்டும் உண்டு, ஒலிப்பில் இல்லை. வேற்றுமை விகுதிகளோ பெயர்ச்சொல்லில் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தன. உருமானிய மொழி மட்டும் 'கேயே' என்னும் சொல்லில் சுட்டு விகுதியோடு கூடிய ஒருவகை வேற்றுமை வேறுபாட்டை இன்றும் காக்கிறது. ஏனையவற்றில் முன்னிடைச் சொற்களே வேற்றுமைப் பொருளைத் தருகின்றன.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. 'சாவெ' எழுவாய் வடிவினின்றும் பிறந்ததன்று. அவ்வாறாயின் 'கிளாவிஸ்' என்பதன் இறுதி ஸகரம் ஒருமையிலும் எஞ்சியிருத்தல் வேண்டும். அது, இறுதி மகரத்தை இழந்த 'கிளாவெம்' என்னும் செயப்படுபொருள் வடிவின் வழி வந்தது. ஆகவே 'சாவியை' எனத் தமிழில் இரண்டாம் உருபு ஏற்றும்போது, வேற்றுமை உணர்வு மறைந்துபோன பழைய செயப்படுபொருள் வடிவம் ஒன்றன் மேல் மீண்டும் செயப்படுபொருள் உருபை ஏற்றுகிறோம்.

செருமானிய மொழிகள் திறவுகோலுக்குத் தம் சொல்லையே வைத்துக்கொண்டன. எனினும் இலத்தீன் சொல்லின் கிளைகள் அங்கும் நுழைந்தன. செருமன் மொழியில் பியானோவைக் குறிக்கும் 'கிளவீர்' அவற்றுள் ஒன்று. பூட்டப்படும் அறை என்னும் பொருளில் பிறந்த 'கான்கிளேவ்' மற்றொன்று. போப்பாண்டவர் தேர்தலையொட்டித் தமிழ் நாளிதழ்களும் வழங்கும் சொல் அது.

தமிழ் ஏற்ற வடிவம்

போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பகுதியில் அவர்தம் தொடர்பு வலுப்பெற்றது. அம்மொழிக்கும் தமிழுக்குமான அகராதி ஒன்று 1679இல் அம்பலக்காட்டில் அச்சேறும் அளவிற்கு அத்தொடர்பு வளர்ந்தது. மேசை, அலமாரி, சன்னல், பேனா, சாவி எனத் தமிழில் நிலைத்த சொற்களுள் பெரும்பாலன வீட்டுப் பொருள்களைக் குறிப்பன. புதிய வகைப் பேழைகளும் கதவுகளும் வந்தபோது அவற்றின் உறுப்புப் பெயர்களும் உடன்வந்தன எனக் கருதலாம்.

'சாவெ' தமிழில் பெரிதும் மாற வேண்டியிருக்கவில்லை. தொல்காப்பியர் சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடும் மொழிக்கு முதலாகாது என்பர். ஆகாரத்தோடு வருதற்குத் தடையில்லை. இடையில் வகரம் தமிழுக்கு இயல்பு. எகரம் மெய்யோடு கூடி மொழிக்கு ஈறாகாது என்னும் விதி ஒன்றே தடையாக நின்றது. எகரம் இகரமாயிற்று, சொல் தமிழாயிற்று. மொழிமுதல் மெய்ம்மயக்கத்தைத் தமிழ் ஏலாது. அம்மயக்கத்தைப் போர்த்துக்கீசியம் ஐபீரியத்திலேயே களைந்துவிட்டமை தமிழுக்கு வாய்ப்பாயிற்று.

இதனோடு 'கான்கிளேவ்' என்பதை ஒப்பிடுதல் தகும். வகர மெய்யை ஈறாகக் கொண்ட சொற்கள் தமிழில் நான்கே என வரையறுத்தது தொல்காப்பியம். அவ்வரையறைக்குள் இது அடங்காது. மூலம் ஒன்றாயினும், முன்வந்தது மரபிற்குள் கரைந்தது. பின்வந்தது அயன்மையோடு நிற்கிறது.

வேறொரு துணையும் இருந்தது. பயிர் மணிபிடியாது வாடிப்போவதைச் 'சாவி' என்பது உழவர் வழக்கு. சாதல் என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல் அது. திண்டுக்கல் சமவெளியில் 'நெல் சாவியாய்ப் போயிற்று' என்பாரும், 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' என்பாரும் வழங்கும் சொற்கள் வடிவால் ஒன்று, பிறப்பால் வேறு. அகராதியில் இவை இரு தலைச்சொற்களாக நிற்றல் வேண்டும்.

உருபேற்பும் புணர்ச்சியும்

தமிழில் இச்சொல் பெண்பாலை இழந்து அஃறிணையாயிற்று. பன்மை விகுதியும் கட்டாயமன்று. 'மூன்று சாவி' என்றாலே தமிழில் பொருள் நிரம்பும்; போர்த்துக்கீசியத்தில் எண்ணுப்பெயரை அடுத்துப் பன்மை ஈறு வந்தே தீரும். 'சாவி தொலைந்தது', 'சாவி தொலைந்தன' என இருவகை முடிபும் கொள்ளுதலால் இது பால்பகா அஃறிணைப் பெயராய் அமைந்தது.

இகர ஈறாதலின் உயிர்முதல் உருபுகள் வருங்கால் யகர உடம்படுமெய் தோன்றும்: சாவியை, சாவியால், சாவியின், சாவியில். நான்காம் உருபு நேரே சேரும்: சாவிக்கு. தொகைநிலையில் வல்லினம் மிகும்: சாவிக்கொத்து, சாவித்துவாரம். இவற்றுள் பின்னது இலத்தீன் வழிச்சொல்லும் வடசொல்லும் தமிழ்ப் புணர்ச்சி விதியால் இணைந்தது. வருமொழியாக நின்று 'மாற்றுச்சாவி', 'கள்ளச்சாவி' என்பனவற்றையும் ஆக்கும். 'சாவி கொடுத்தல்' என்னும் தொடர் கடிகாரத்தை முடுக்குதலைக் குறித்துப் பின் ஒருவனைத் தூண்டிவிடுதலையும் குறிக்கலாயிற்று.

இருந்த சொல்லும் வந்த சொல்லும்

பொருள் இல்லாமையால் சொல் கடனாக வந்தது என்பர் சிலர். 'சாவி' அக்கருத்திற்கு இடம் தரவில்லை. 'தாழ்' என்னும் சொல் 'கோல்' என்பதனோடு புணருமிடத்து அக்குச் சாரியை பெறுதலைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரம் தனி நூற்பாவால் கூறுகிறது. தாழக்கோல் என்னும் அக்கருவிப் பெயரின் மரபு மலையாளத்தில் 'தாக்கோல்' என இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. தமிழில் அதன் இடத்தைச் 'சாவி' கொண்டது.

'திறவுகோல்' மறையவில்லை, வேறு தளத்திற்கு உயர்ந்தது. இலத்தீன் விவிலியத்தில் விண்ணரசின் திறவுகோல் பேதுருவுக்கு அளிக்கப்படும் இடத்தில் நிற்பது 'கிளாவேஸ்'. தமிழ் விவிலியம் அங்குத் 'திறவுகோல்' என்னும் சொல்லையே ஆள்கிறது. போர்த்துக்கீசியரின் சமயநூல் தமிழில் தமிழ்ச்சொல்லை மேற்கொள்ள, அவர்தம் வீட்டுச்சொல் தமிழர் இடுப்பில் ஏறியது. ஒன்று அழிந்து ஒன்று வந்தது என்பதினும், ஒரு பொருட்கு உரிய இரு சொற்கள் வழக்கிடத்தால் பிரிந்தன என்பதே பொருந்தும்.

எதிர்த்திசைச் சான்று: சுருட்டு

திண்டுக்கல்லின் மற்றொரு பழந்தொழில் சுருட்டு. ஆங்கிலேயர் காலத்தில் இந்நகர்ச் சுருட்டு கடல்கடந்தும் அறியப்பட்டிருந்தது. 'சுருட்டு' போர்த்துக்கீசியத்தில் 'சருத்து' ஆகி ஆண்பால் பெற்றது. பன்மையில் ஸகர ஈறு ஏற்றது. ஆங்கிலத்திலும் 'செரூட்' எனப் புகுந்து அம்மொழியின் பன்மை ஈற்றைப் பெற்றது. தமிழில் பால் அற்றிருந்த சொல்லுக்கு அங்குப் பால் வந்தது. அங்குப் பெண்பாலாயிருந்த 'சாவெ' இங்குப் பால் துறந்தது.

ஒலி வரலாற்றிற்கும் இவ்விணை சான்றாகிறது. போர்த்துக்கீசியர் தம் சாவிக்கு எழுதிய அதே முதலெழுத்தாலேயே தமிழ்ச் சுருட்டின் சகரத்தையும் எழுதினர். இன்று பொதுப் போர்த்துக்கீசியத்தில் அவ்வெழுத்து 'ஷ' என ஒலிக்கிறது. எனினும் மராத்தி 'சாவி', இந்தி 'சாபி' முதலியன அடைப்புரசொலியையே காக்கின்றன. ஆகவே சொற்கள் கைமாறிய காலத்தில் அவ்வெழுத்தின் ஒலியும் அவர்கள் கேட்ட தமிழ்ச் சகரமும் தம்முள் நெருங்கியிருந்தன எனக் கொள்ளலாம்.

முடிவுரை

ஒரு சொல்லின் உரிமை அதன் பிறப்பால் மட்டும் அமைவதன்று. அது எம்மொழியின் உருபை ஏற்கிறது, எம்மொழியின் விதியால் புணர்கிறது என்பதாலும் அமைகிறது. அவ்வகையில் 'சாவி' தமிழ் இலக்கணத்திற்கு முழுதும் உட்பட்டது. அதனை அயற்சொற் பட்டியலில் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், ஒலியமைவு, உருபேற்பு, தொகையாக்கம், பொருள்விரிவு ஆகிய நான்கு அளவைகளால் கடன்சொற்களை வகைப்படுத்துதல் பயன்தரும். 'திறவுகோல்' என்பதைப் பேணுதலும் 'சாவி' என்பதை ஏற்றலும் ஒன்றற்கொன்று முரணல்ல.

அலிகார் நகரின் எந்திரப் பூட்டுகளோடு போட்டியிட இயலாது திண்டுக்கல் பட்டறைகள் குறைந்து வருகின்றன. பூட்டின் உட்பகுதிகளுக்கும் சாவியின் வெட்டுகளுக்கும் தொழிலாளர் வழங்கும் பெயர்கள் பட்டறைகளோடே மறையக்கூடியன. அவற்றுள் எவை தமிழ்ச்சொற்கள், எவை வந்தேறியவை, எவை கலந்து பிறந்தவை என்பதைத் தொகுத்த பின்னரே கூற இயலும். புவிசார் குறியீடு பொருளின் பெயரைக் காத்தது. அப்பொருளைச் செய்வோரின் சொற்களைத் தொகுத்துக் காக்கும் கடமை தமிழாய்வாளரைச் சாரும்.